கொட்டையும் முட்டை அட்டையும்
(பிள்ளைக்காம்பராவில் தாய்மார் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



“எங்க புள்ள இருபது வரைக்கும் சொல்லுது டீச்சர்” என்று பலர் சந்தோஷமாகச் சொல்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் அந்தப் பிள்ளையிடம் “அஞ்சு கொட்டை எடுத்துத் தா” என்று கேட்டுப் பாருங்கள். கை நிறைய அள்ளித் தரும். வாய் சொல்வது பாட்டு மாதிரி. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று கை தொட்டு எண்ணுவதுதான் கணக்கு.

அதற்கு ஒரு விளையாட்டு. காசு செலவில்லை. கடையில் முட்டை வரும் அட்டையில் 30 குழி இருக்கும். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை வெட்டினால் பத்துக் குழி. ஓர் அட்டையில் மூன்று பிள்ளைகளுக்கு ஆகும். பிறகு தேயிலைக் கொட்டை, ஆளுக்குப் பத்து. பிஸ்கட் பெட்டி அட்டையில் ஆறு துண்டு வெட்டி, இரண்டில் ஒரு புள்ளி, இரண்டில் இரண்டு புள்ளி, இரண்டில் மூன்று புள்ளி பேனையால் வையுங்கள். துண்டுகளை ஒரு டின்னில் போட்டுக் குலுக்க வேண்டியதுதான்.

பிள்ளை பார்க்காமல் ஒரு துண்டு எடுத்து, புள்ளியைத் தொட்டு எண்ணி, அத்தனை கொட்டையைக் குழிக்கு ஒன்றாகப் போடட்டும். துண்டைத் திரும்ப டின்னில் போட்டு அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். பத்துக் குழியும் முதலில் நிரப்பியவர் வென்றார். இடையில் கேளுங்கள்: “எத்தனை நிரம்பியிருக்கு? இன்னும் எத்தனை வேணும்?” ஒரு வரிசை நிறைந்தால் ஐந்து என்று சில நாளில் எண்ணாமலே சொல்லும். அங்கேதான் கூட்டல் பிறக்கிறது. விரல் மடித்து எண்ணினால் தடுக்காதீர்கள். மூன்று வயதுக்காரருக்கு ஒரு வரிசை போதும்.

இன்னொன்று. ஐந்து கொட்டையை நெருக்கி ஒரு வரிசை, ஐந்தைத் தள்ளித் தள்ளி ஒரு வரிசை வைத்தால், நாலு வயதுப் பிள்ளை நீளமானதில்தான் கூட இருக்கு என்னும். முட்டாள்தனம் இல்லை, அந்த வயது அப்படி. சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே இப்படிச் செய்து பார்த்து 1941இல் புத்தகமே எழுதினார். அதட்டாமல் மறுபடி எண்ண விடுங்கள்.

ஒரு கண்டிப்பு: கொட்டை தொண்டையை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை பக்கத்தில் இருந்தால் இதை எடுக்கவே வேண்டாம். முடிந்ததும் கொட்டையை எண்ணியே டின்னில் போடுங்கள். ஒன்று குறைந்தால் தேடிவிட்டுத்தான் எழும்ப வேண்டும்.

இதெல்லாம் எதற்கு என்று அந்தப் பக்கம் ஒரு அம்மா கேட்டாங்க. காலை, பகல், அந்தி என்று நிறுத்த கொழுந்தைக் கூட்டிப் பார்க்கத் தெரியாமல், துண்டில் எழுதிய கிலோவுக்குத் தலையாட்டிவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர்! கழித்த கிலோ சரியா என்று கேட்க எண்ணத் தெரிய வேணுமே.

அப்பாமாரே, அந்தியில் பத்து நிமிஷம் நீங்களும் பிள்ளையோடு குந்துங்கள். அட்டை வெட்டக் கத்தி கொண்டுவந்திருக்கிறேன். இப்போதே ஆரம்பிப்போம்.