மழைக்கு முந்திய தளிர்

தாவரவியல் ஆசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. அதனால் சேலத்துக்காரர்கள் தினமும் அண்ணாந்து பார்க்கும் சேர்வராயன் மலையையே பேச எடுத்துக்கொண்டேன்.

மார்ச் கடைசியில் ஏற்காட்டுப் பேருந்தில் ஏறிப் பாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் முதல் சிலவற்றில் காடு மொட்டையாக நிற்கும். கோடையில் இலை இருந்தால் அதன் வழியே ஈரம் போய்க்கொண்டே இருக்கும் என்பதால் மரம் அதை உதிர்த்துவிடுகிறது. இது பள்ளிப் பாடம். வியப்பு அதற்கப்புறம்தான். மழையே இல்லாமல் வெயில் ஏறிக்கொண்டிருக்கும் அந்த நாட்களிலேயே புங்கும் வேம்பும் தளிர்க்கின்றன. தண்ணீர் ஏது? இலை போனதும் செலவு நின்றுவிடுகிறது. ஆழ்வேர் உறிஞ்சும் ஈரம் தண்டில் சேர்கிறது. பகல் நீள்வதைத்தான் பல மரங்கள் தளிர்ப்பதற்கான அடையாளமாகக் கொள்கின்றன என்பது ஆய்வாளர்கள் கருத்து. ஏன் இந்த அவசரம்? மழை விழுந்தால் புழு பெருகும். ஆய்வாளர்கள் முரளியும் சுகுமாரும் 1993இல் வெளியிட்ட முதுமலை ஆய்வில், மழைக்கு முன்பே தளிர்த்த மரங்களில் பூச்சிக்கடி குறைவாக இருந்தது. புழு வருவதற்குள் இலை முற்றிவிடுகிறது.

மேலே காப்பித் தோட்டத்தில் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த செடி, தன் தாயகமான எத்தியோப்பியாவின் பழக்கத்தை இன்னும் விடவில்லை. மொட்டு வறட்சியில் உறங்கும். மார்ச், ஏப்ரலில் நல்ல மழை ஒன்று பெய்தால் எட்டுப் பத்து நாளில் தோட்டமே வெளுத்துவிடும். இரண்டு மூன்று நாளில் பூ வாடிவிடும். மழை தவணை தவணையாகப் பெய்தால் பூவும் அப்படியே. பழம் ஒன்றாகப் பழுக்காது. பறிக்கும் கூலி ஏறும்.

குறிஞ்சியும் இங்கே உண்டு. அது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் கணக்கைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, விட்டுவிடுகிறேன்.

வண்ணத்துப்பூச்சிகளை விட மனமில்லை. நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகியவை ஏப்ரல் முதல் ஜூன் வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் அடைமழைக்கு முன்பே கிழக்கே வந்துவிடுகின்றன. இங்கே முட்டையிட்டுப் பெருகி, அக்டோபர், நவம்பரில் அவற்றின் வழிவந்தவை மேற்கே திரும்புகின்றன. காய்ந்த கிலுகிலுப்பைச் செடியில் ஆண் பூச்சிகள் மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை தேடுவது தேனை அல்ல, நச்சுப்பொருளை. பறவை கொத்தாமல் காப்பது அதுதான். பெண்ணை அழைக்கும் மணமும் அதிலிருந்தே உருவாகிறது. கிலுகிலுப்பையைக் களை என்று வெட்டுகிறவர்கள் ஒரு மாதம் பொறுக்கலாம்.

கோடை மழை தள்ளிப்போனால் காப்பிக்கு ஸ்பிரிங்ளர் போடலாம். பகலின் நீளத்தை நம்பித் தளிர்த்துவிட்ட காட்டு மரத்துக்கு, தண்டிலும் ஆழ்மண்ணிலும் மிஞ்சிய ஈரமே கதி. அடிவாரக் கல்லூரி மாணவர்களே, வரும் பிப்ரவரியிலேயே ஆளுக்கொரு புங்க மரத்தைப் பொறுப்பேற்று, உதிர்வு, தளிர், பூ, முதல் மழை எல்லாவற்றையும் வாராவாரம் தேதி போட்டு எழுதத் தொடங்குங்கள். பொதுமக்கள் மரங்களைக் கவனித்துப் பதியும் சீசன்வாட்ச் திட்டத்தில் இப்படிப்பட்ட குறிப்புகளைப் பதிவு செய்ய வழியுண்டு.