சுவர் ஏன் கறுக்கிறது?



புனே நகரில் ஜூன் மாதம் மழை தொடங்கும். செப்டம்பர் வரை பெய்யும். ஜூலையில் பல நாள் வெயிலையே பார்க்க முடியாது. கட்கி போன்ற இடங்களில் பல தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சுவர் மூலை கறுக்கும். பெட்டியில் வைத்த துணி நாறும். பாயில் புள்ளி புள்ளியாகப் பூசணம் பிடிக்கும். மராத்தியில் இதைப் 'புர்ஷி' என்பார்கள்.

பலர் என்ன செய்கிறார்கள்? தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அடுத்த மழையில் சுவர் மறுபடி கறுக்கிறது. பணம் போனது. பூசணம் போகவில்லை.

ஏன்? பூசணம் ஓர் உயிர். அதன் விதை போன்ற தூள் காற்றில் எங்கும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. அதை நாம் தடுக்க முடியாது. ஆனால் ஈரம் இல்லாமல் அது வளராது. ஆகவே ஈரத்தை நிறுத்த வேண்டும்.

இது அழுக்கு மட்டும் அல்ல, நோயும் கூட. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருமல், இளைப்பு, ஆஸ்துமா அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் கூறியது. பூசணம் பிடித்த சுவர் ஓரம் குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள்.

ஈரம் மூன்று வழியில் வருகிறது.

முதல் வழி, மழை. கறையைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள். மழைக்குப் பின் கறை கோட்டைத் தாண்டினால், அது ஒழுக்கு. கூரையையும் வெடிப்பையும் அடைக்க வேண்டும். மழை இல்லாதபோதும் கறை வளர்ந்தால், தண்ணீர்க் குழாயைப் பாருங்கள்.

இரண்டாவது வழி, தரை. சுவரின் அடிப்பக்கம் ஈரமாக இருக்கும். வெள்ளையாக உப்புப் பூக்கும். வெளியே சுவர் ஓரம் தண்ணீர் தேங்க விடாதீர்கள். வாய்க்கால் வெட்டி வடிய விடுங்கள். குவிந்த மண்ணை அகற்றுங்கள்.

மூன்றாவது வழியைப் பலர் கவனிப்பதில்லை. ஜனவரியில் புனேயில் பொதுவாக மழை கிடையாது. குளிர் உண்டு. ஆனாலும் விடியற்காலையில் தகரக் கூரையின் உள்பக்கம் சொட்டுகிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? சோற்றுப் பானையின் மூடியைத் திருப்பிப் பாருங்கள். ஆவி மூடியில் பட்டு நீராகி நிற்கும். வீட்டிலும் அப்படித்தான். சமைக்கும் ஆவி, வெந்நீர் ஆவி, ஈரத் துணி, நம் மூச்சு எல்லாம் காற்றில் சேர்கிறது. குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிறது. அடுப்பு எரிவதாலும் ஆவி உண்டாகிறது.

இதற்கு என்ன செய்யலாம்?

சமைக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள். மழை விட்டதும் எதிர் எதிரே இரண்டு பக்கமும் திறங்கள். குளிருக்குப் பயந்து கூரை இடைவெளி முழுவதையும் சாக்கால் அடைக்காதீர்கள். துணியைத் தாழ்வாரத்தில் உலர்த்துங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். பெட்டியைச் செங்கல் மேல் வையுங்கள். வெயில் வந்தால் பாயையும் தலையணையையும் வெளியே போடுங்கள்.

வீட்டை உலர்த்த, மூடிய அறையில் கரி மூட்டாதீர்கள். அதன் நச்சுப்புகை உயிரைக் குடிக்கும்.

பூசணத்தைத் துடைக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டுங்கள். சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். அதில் நச்சு வாயு வரும்.

2024 ஜூலை 25 அன்று முட்டா ஆற்று வெள்ளம் சிங்ககட் சாலைப் பக்க வீடுகளில் புகுந்தது. அப்படி நனைந்த சுவர் உலர வாரக்கணக்கில் ஆகும். உள்ளே ஈரம் இருக்கும்போது பெயின்ட் அடித்தால் அது உரிந்துவிடும்.

வாடகை வீடாக இருக்கலாம். கூரையைச் சரி செய்வது வீட்டுக்காரர் கையில். கறை எப்போது வந்தது, எவ்வளவு வளர்ந்தது என்று தேதியுடன் எழுதி அவரிடம் காட்டுங்கள். நீங்கள் கற்ற எழுத்து இதற்கும் உதவும்.

சுண்ணாம்பு வாங்கும் முன் சுவரைப் பாருங்கள். ஈரம் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள். முதலில் அதை அடையுங்கள். பிறகு வெள்ளையடியுங்கள்.