பிச்சையா? பாத்தியதையா?

(கேளம்பாக்கம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மழைக்காலம் வந்துவிட்டால் இவ்வூர்ப் பக்கத்து உப்பளங்களில் வேலையில்லை, வேலையில்லையென்றால் கூலியில்லை. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளிக்கு 5,000 ரூபாய் நிவாரணமென்று நம் மாகாண சர்க்கார் 2021-இல் அறிவித்தது. இதைச் சிலர் பகவான் கிருபை என்கிறார்கள். சிலர் சர்க்கார் போடும் பிச்சை என்கிறார்கள். இரண்டும் தப்பு என்பதே என் அபிப்பிராயம்.

பகவான் கிருபையென்றால், இத்தனை ஆயிரம் வருஷங்களாக அந்தப் பகவான் எங்கே போயிருந்தார்? ஐரோப்பாவில் தெருவுக்குத் தெரு மாதாகோயில் இருந்தும், ஏழைத் தொழிலாளிக்குப் பென்ஷன் இல்லையே! ஜெர்மனியில் 1883-இல் நோய் இன்ஷ்யூரன்ஸும், 1889-இல் முதுமைப் பென்ஷனும் கொண்டுவந்த பிஸ்மார்க் கருணை வள்ளலல்ல. 1878-இல் சமதர்மக் கட்சியை அடக்கச் சட்டம் போட்டவர். தொழிலாளிகளெல்லாம் அக்கட்சிக்கே ஓட்டளித்துவிடுவார்களென்ற பயந்தான் அவரை அசைத்தது. இங்கிலாந்தில் 70 வயதானவருக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கொடுக்கச் சட்டம் வந்தது 1908-இல். அதாவது, ஆண் தொழிலாளிகளில் பலருக்கு ஓட்டு வந்த பிறகு. கிழவர்கள் எக்காலத்திலும் இருந்தார்கள். ஓட்டுள்ள கிழவர்கள்தான் புதிது!

நம் சென்னையில் 1920-இல் தியாகராயர் தலைமையிலிருந்த நகரசபை ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு போட்டது. அது நிலைக்கவில்லை. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டென்று 1952-இல் தேர்தல் நடந்தது, 1956-இல் காமராஜர் மதிய உணவைத் துவக்கினார், 1982-இல் எம்.ஜி.ஆர். அதை விரிவாக்கினார்.

பணமிருந்தால் தானே எல்லாம் வந்துவிடுமென்பீர்களா? பெரும் பணக்கார தேசமான அமெரிக்காவில் 1935-இல் போட்ட பென்ஷன் சட்டத்தில் பண்ணை வேலைக்காரரையும் வீட்டு வேலைக்காரரையும் சேர்க்கவில்லை. அங்கே கருப்பின உழைப்பாளிகளில் பெரும்பாலோர் அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். அவர்களோடு விடுபட்ட வெள்ளை ஏழைகளும் லட்சக்கணக்கில் உண்டு. 1950-க்குப் பிறகுதான் இவர்கள் சட்டத்துக்குள் வந்தார்கள்.

அதைக் கேட்டுச் சிரிக்க நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? 2023-இல் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் சமைத்தாளென்று, பள்ளியில் கொடுத்த காலைச் சிற்றுண்டியைத் தம் பிள்ளைகள் தின்னாதபடி தடுத்த பெற்றோர் இந்த நாட்டில்தானே இருந்தார்கள்? பிள்ளை பட்டினி கிடந்தாலும் ஜாதி பட்டினி கிடக்கக்கூடாதாம்!

தோழர்களே! கேட்கிறவர்கள் ஒன்றாய் நின்று கேட்ட இடத்தில் சர்க்கார் கொடுத்தது. ஜாதியாய், நிறமாய்ப் பிரிந்து நின்ற இடத்தில் பாதி கொடுத்துப் பாதியை மறைத்தது. உப்பளத்தில் வெயில் எல்லோர் முதுகிலும் ஒன்றாய்த்தான் விழுகிறது. வரப்பில் உட்கார்ந்து சோறு தின்னும்போது மட்டும் எதற்காகத் தனித்தனி இடம்? அந்தப் பிரிவை ஒழியுங்கள். பிறகு யாரையும் கும்பிட வேண்டிய அவசியமிராது என்று கூறி முடித்துக்கொள்ளுகிறேன்.