மலையகத்துக்கு வரும் தொண்டர் பெட்டி

மலையகத் தோட்டங்களிலே ஓரிரண்டு ஆண்டு தங்கிப் பாடஞ் சொல்லித்தர அயல்நாட்டிலிருந்து வரும் தொண்டர் சிலர், இலங்கை வெப்பநாடென்று நம்பி மெல்லாடைகளையே அடுக்கி வருகின்றனர். நுவரெலியாவோ ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் உள்ளது. தை மாத விடியலில் சில நாள் புல்மேல் உறைபனி படியும். ஆயினும் குளிரினும் கொடியது ஈரமே. ஆனி, ஆடியில் ஹட்டன் பக்கம் துவைத்த கனத்த காற்சட்டை எளிதில் உலராது. மாற்றுடையின்றி ஆசிரியர் அறையிலே அடைந்திருப்பின், பிள்ளைகள் வீணே காத்திருப்பர். எனவே, விரைவில் உலரும் உடுப்பு மூன்று, கம்பளிச் சட்டை ஒன்று, அட்டை புகாதபடி நெருக்கமாய் நெய்த நீண்ட காலுறை, இவை போதும். லயத்து அறையில் பெரிய பெட்டிக்கு இடமேது? செடியின் ஈரம் உடுப்பில் ஏறாதிருக்கக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடையிலே படங்கு கட்டுகின்றனர். அதைக் கட்டும் விதத்தை அவர்களிடமே கேட்டறியலாம்.