மரம் நடும் முன் ஒரு கணக்கு

பல்கலைக்கழக வளாகத்துல பசுமை இல்ல வாயுக்களைக் குறைக்கணும்னா உடனே மரம் நடுவோம். நல்ல விஷயம்தான். ஆனா ஒரு மரம் வருஷம் முழுக்க உறிஞ்சுவது சில பத்து கிலோ கார்பன் டை ஆக்சைடுதான். அதனால முதல்ல கணக்கு போடுவோம்.

மூன்று தலைப்புகள் போதும். ஒன்று, வளாகத்திலேயே எரியும் எரிபொருள்: ஜெனரேட்டர், பேருந்து டீசல், விடுதிச் சமையல் எரிவாயு. இரண்டு, வாங்கும் மின்சாரம். மூன்று, மாணவர், ஊழியர் பயணமும் குப்பையும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ.

இப்போ பாருங்க. 75 வாட் மின்விசிறிக்குப் பதிலா 30 வாட் பிஎல்டிசி மின்விசிறி. 1,000 விசிறிகள் தினமும் 10 மணி நேரம் ஓடினால் 450 யூனிட் மிச்சம். அதாவது ஒரே நாளில் சுமார் 315 கிலோ குறையுது! தேவையைக் குறைச்சிட்டு சோலார் போட்டா, அதே மொட்டைமாடி இன்னும் பெரிய பங்கைத் தாங்கும்.

நீங்க மாணவரா? உங்க விடுதியின் மின் கட்டண ரசீதைக் கேட்டு வாங்குங்க. மாதாமாதம் யூனிட்டை போன்ல குறிச்சு வைங்க. அடுத்த வருஷம் அந்த எண் குறைஞ்சிருந்தா, திட்டம் நடக்குதுன்னு அர்த்தம்.