கண்ணுக்கு இன்சூரன்ஸ்: கேட்டுட்டு கையெழுத்துப் போடுங்க



போன மாசம் எங்க குழுவுக்கு ஒரு ஏஜெண்டு வந்தார். கண்ணுக்கும் சேர்த்து மருத்துவ இன்சூரன்ஸ்னு சொன்னார். என் மாமியாருக்குக் கண்ணில் புரை. அரிசியில் கல் பொறுக்க முடியலை. அதனால் கேட்டேன், "புரை ஆபரேஷனுக்கு என்னைக்கிருந்து பணம் தருவீங்க?" ரெண்டு வருஷம் கழிச்சுத்தானாம். மூக்குக்கண்ணாடிக்குக் கிடையவே கிடையாதாம்!

அதுவரைக்கும் அவங்க தடவித் தடவி நடக்கணுமா? அரசு ஆஸ்பத்திரியில் லென்ஸ் வச்சு இலவசமாவே ஆபரேஷன் செய்றாங்க. அங்கேதான் கூட்டிப் போறேன்.

இன்சூரன்சே வேண்டாம்னு சொல்லலை. கண் நல்லா இருக்கிற வயசிலேயே எடுக்கலாம். ஆனா காத்திருப்புக் காலம் எவ்வளவு, லென்சுக்கு எவ்வளவு வரைக்கும் தருவாங்கன்னு பாலிசித் தாளிலேயே காட்டச் சொல்லுங்க. வாய்ப்பேச்சை நம்பாதீங்க.

புதன்கிழமை நாங்க போறோம். கூட வர்றவங்க பேர் கொடுங்க.