காயம்பட்ட தோளுக்கு ஏற்ற வில்



வில் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது சிவதனுசுதான். பிறரால் அசைக்கவும் முடியாத வில்லை வளைப்பவனே வீரன் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. தோளில் அடிபட்டவர் வில் வாங்கப் போகும்போது முதலில் இந்த எண்ணத்தை வீட்டில் விட்டுச் செல்ல வேண்டும்.

இதை நான் பட்டறிந்து சொல்கிறேன். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில் என் வலத்தோளின் தசைநார் கிழிந்தது. எட்டு மாதம் வில்லைத் தொடவில்லை. மருத்துவர் அனுமதி தந்த வாரமே பழைய 55 இராத்தல் வில்லை எடுத்து இழுத்தேன். பாதி இழுக்கையில் தோளுக்குள் சுருக்கென்றது. மறுபடியும் மூன்று மாத ஓய்வு.

காம்பவுண்டு வில் என்பது இரு முனைகளிலும் கப்பி பூட்டிய வில். அமெரிக்கரான ஹாலிஸ் வில்பர் ஆலன் 1969இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சாதாரண வில்லில் நாணை இழுக்க இழுக்கப் பாரம் ஏறிக்கொண்டே போகும். இந்த வில்லில் பாரம் நடுவழியில் உச்சத்தைத் தொட்டு, முடிவில் இறங்கிவிடும். 40 இராத்தல் வில்லில் 80 விழுக்காடு குறைந்தால், குறிபார்த்து நிற்கையில் கையில் இருப்பது 8 இராத்தல்தான்.

கடைக்காரர் அந்த 8ஐத்தான் பெருமையாகச் சொல்வார். ஆனால் 40ஐத் தாண்டாமல் 8ஐ அடைய முடியாது. நலிந்த தோள் தடுமாறுவது அந்த நடுவழியில்தான். ஆகவே கப்பியின் வடிவத்தைக் கேளுங்கள். வேகத்திற்காகச் செய்த கப்பியில் பாரம் எடுத்த எடுப்பிலேயே உச்சத்திற்கு ஏறி, நெடுந்தூரம் அங்கேயே நின்று, கடைசியில் சட்டென்று விழும். வட்டத்தை ஒட்டிய மென்மையான கப்பியில் அது மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இரண்டு வில்லிலும் 40 என்றே எழுதியிருக்கலாம். தோளுக்கு அவை ஒன்றல்ல. அம்பின் வேகம் சற்றுக் குறையும், குறையட்டும்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இழுத்த நாணை எய்யாமல் திரும்ப விடவும் வேண்டிவரும். அப்போது அடங்கியிருந்த பாரம் திடீரென்று கையை முன்னே பிடுங்கும். கடையில் இதையும் செய்து பாருங்கள். அம்பில்லாமல் நாணை மட்டும் கைநழுவ விட்டுவிடாதீர்கள். வில்லே உடைந்து போகலாம்.

சோதனை எளிது. நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். வில்லை இலக்கின் உயரத்தில் நீட்டி, மூச்சுப் பிடிக்காமல் மெதுவாக இழுங்கள். வில்லை வானத்தை நோக்கித் தூக்கினால்தான் இழுக்க முடிகிறதென்றால், பாரம் உங்களுக்கு மிகுதி. கிளைகளைப் பிடித்திருக்கும் திருகாணிகளை மேலும் கீழும் ஒரே அளவு தளர்த்திப் பாரத்தைக் குறைக்கலாம், தயாரிப்பாளர் குறித்த எல்லை வரைக்கும். 20 இராத்தலுக்கும் கீழே தொடங்கி 70 வரை ஏற்றக்கூடிய வில்களும் உண்டு. குணமாகிவரும் தோளுக்கு அவை நல்ல துணை.

இழுப்பு நீளமும் பொருந்த வேண்டும். கைகளை விரித்து, விரல்நுனிக்கு விரல்நுனி அளந்து, இரண்டரையால் வகுத்தால் ஏறக்குறைய அது கிடைக்கும். 70 அங்குலம் என்றால் 28. நீளம் கூடினால் தோள் மூட்டு பின்னால் இழுபடும்.

அடிபட்டது வில் பிடிக்கும் தோளானால் கணக்கு வேறு. அந்தத் தோள் இழுவிசையைத் தாங்குவதோடு வில்லின் சொந்த எடையையும் சுமக்கிறது. நான்கு இராத்தல் வில்லோடு குறிகாட்டியும் சமன்தண்டும் சேர்ந்தால் எடை இன்னும் ஏறும். இலேசான வில்லைத் தேடுங்கள்.

இப்போது என் வில் 34 இராத்தல். 18 மீட்டர் இலக்கிற்கு அது தாராளம். பக்கத்தில் நின்று எய்யும் இளைஞர், “என்ன அங்கிள், சின்னப் பிள்ளை வில்லா?” என்று கேட்பார். “ஆமாம் தம்பி” என்று சொல்லிவிட்டு அடுத்த அம்பை எடுப்பேன்.